டிவியில் வாசனை வராது

அந்த அக்கா ஒரு சீரியலையாவது முழுசாகப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். ஆனால் கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் தெருவில் ஓடிய அத்தனை சீரியல் கதையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு, சிவப்பு எழுத்தில் காசு ஓடும் மீட்டர், பில் துப்பும் குட்டி மெஷின், அவள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கதை சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல். தெருவே டிவி முன்னால் உட்காரும் நேரத்தில்தான் அவளுக்கு வியாபாரம் ஜாஸ்தி. வெளியூருக்குப் பேசக் கட்டணம் குறையும் நேரம் அது. அதனால் அவளுக்குக் கதை மறுநாள் காலையில் யாராவது ஒருத்தர் வாய் வழியாகத்தான் வந்து சேரும். பூத்து அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பேர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.

கதை கேட்பதென்றால் சும்மா தலையாட்டிக் கேட்கிற ஆள் இல்லை. கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பி விட்டுக்கொண்டு உட்காருவாள். "அவ வந்து இவளைத் திட்டிட்டுப் போயிட்டா அக்கா" என்று நான் ஆரம்பித்தால் தீர்ந்தது.

"எங்கேர்ந்து வந்தா?"

"மாடியிலேர்ந்து."

"எறங்கி வந்து நின்னாளா, எறங்கிக்கிட்டே திட்டுனாளா?"

"எறங்கிக்கிட்டே."

"அப்ப அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. மாடியிலேர்ந்து ஒட்டுக் கேட்டிருக்கா. நீ பாட்டுக்கு அந்தப் படிய முழுங்கிட்ட பாரு. அப்புறம்?"

நடுவுல ஒரு படிய முழுங்குற. இது அவள் அடிக்கடி சொல்லும் குற்றச்சாட்டு. என்னைப் பார்த்து மட்டும் இல்லை, தெருவில் எல்லோரையும். பால்காரர் வீட்டு அம்மா ஒருநாள் கோபித்துக்கொண்டு, "கதை கேக்குறியா, போலீஸ் விசாரணை பண்றியா?" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். விட்டுப்போன படியை ராத்திரியெல்லாம் யோசித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் சேலத்தில் இருக்கும் மகளுக்குப் பேச வருவார். அவருக்கு எதையும் நறுக்கென்று சொல்லித்தான் பழக்கம். நேத்து என்னா சார் ஆச்சு என்று அக்கா கேட்டால், "மாமியாக்காரி ஜெயிச்சுட்டா" என்பார். அதோடு சரி.

"அது தீர்ப்பு சார். எனக்கு வழக்கு வேணும்" என்றாள் அக்கா.

மனுஷர் ஆடிப்போய்விட்டார். முப்பது வருஷமாகக் கோர்ட்டில் இருக்கிறேன், ஒரு வக்கீலும் என்னை இப்படிக் கேட்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு சேலத்துக்குப் பேசி முடித்தாலும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

ஆனால் விவரம் வேண்டும் என்பதற்காக வாய்க்கு வந்ததைச் சேர்த்துவிடவும் முடியாது. அதில் அவள் படு கெட்டி. ஒருநாள் நான் உற்சாகத்தில் இழுத்துவிட்டேன். "மருமக கருவாட்டுக் கொழம்பு வெக்கிறா அக்கா. வாசன தெருவரைக்கும் தூக்குது!"

அக்கா கிராம்பை எடுத்து வெளியே எறிந்தாள்.

"ஏண்டி, டிவில வாசன வருமா?"

"இல்ல அக்கா, கொழம்பு கொதிச்சுச்சு, அதான்..."

"கொதிச்சத பாத்த. கொதிக்கிற சத்தம் கேட்ட. வாசன ஒங்க வீட்டு அடுப்புலேர்ந்து வந்திருக்கும். பாத்தது, கேட்டது, அவ்ளோதான் கதை. வாசன வந்துச்சுன்னா அது சீரியல் இல்ல, நெஜம். ரெண்டயும் போட்டுக் கொழப்பாத."

பில் கட்ட நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்ணுக்கு இருக்கும் ரோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. ரெண்டு நாள் பூத் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவளே ஆள் அனுப்பினாள், கதை பாதியில் நிற்கிறது, வரச்சொல் என்று.

இப்படிப்பட்டவள் ஒரு வாரம் முழுக்க யாரிடமும் விவரம் கேட்காமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். சுனாமி வந்த வாரம் அது. தேவனாம்பட்டினத்திலிருந்தும் மற்ற குப்பங்களிலிருந்தும் ஆட்கள் ஈரத் துணியோடு வந்து வரிசையில் நின்றார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன் போட்டுக் கையில் கொடுப்பாள். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வார்த்தை வராமல் நிற்பார்கள். அங்கே அந்த முனையில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அக்கா கூண்டுக்குள் நுழைந்து தோளைத் தொட்டு, "மொதல்ல இருக்காங்களா, இல்லயான்னு மட்டும் சொல்லுங்க. மீதியெல்லாம் அப்புறம்" என்பாள். இருக்காங்க. இல்ல. ஆளாளுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார்கள். மீட்டரைப் பழைய துண்டு ஒன்றால் மூடி வைத்திருந்தாள். எவ்வளவு விவரமாகச் சொல்வது என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தன் கதையை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. கழுத்தில் தாலி இருந்தது, வீட்டில் ஆள் இல்லை. பால்காரர் வீட்டு அம்மா பழிக்குப் பழியாக ஒருமுறை கேட்டாள். "வந்தான், இருந்தான், போயிட்டான்" என்றாள் அக்கா. அதில் எந்தப் படியை முழுங்கினாள் என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

சுனாமிக்கு ரெண்டாவது வருஷம் தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குச் சிதம்பரம். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஜவுளிக் கடை வைக்கப்போகிறார், மாமியார் மட்டும்தான், நாத்தனார் கொழுந்தனார் தொல்லை இல்லை என்று சொன்னார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அம்மா தலையாட்டினாள். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டில் வேலை பார்த்தாள். கொட்டைப் பால் பட்டு அவள் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். கல்யாணத்தன்று மருதாணி வைத்து அதை மறைத்தாள்.

வீட்டில் போன் கிடையாது. அதனால் அக்கா ஒரு ஏற்பாடு சொன்னாள். சனிக்கிழமை அம்மாவுக்கு அரை நாள் வேலை. மதியம் பூத்துக்கு வருவாள். அக்காவே சிதம்பரத்துக்குப் போன் போடுவாள். "அம்மாகிட்ட நலம் விசாரி. அப்புறம் எனக்குக் கதை சொல்லு. மத்தியான சீரியல எனக்கு ஒழுங்கா சொல்ல ஆள் இல்ல" என்றாள்.

போன் என் புகுந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. முதல் சனிக்கிழமையே மாமியார் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். "சம்பந்தி கொரல நானும் கேக்கறேனே" என்றார். அதற்குப் பிறகு ஸ்பீக்கர் இல்லாமல் நான் பேசியதே இல்லை. அம்மா, நல்லா இருக்கியா என்பாள். நான், நல்லா இருக்கேம்மா என்பேன். அனுசரிச்சுப் போம்மா என்பாள். சரிம்மா என்பேன். அம்மாவுக்கு வேறு பேசவும் தெரியாது. பிறகு அக்கா வாங்கிக்கொள்வாள். "சொல்லுடி, கதை எங்க நிக்குது?"

வீட்டு விஷயம் ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சீரியல் கதைக்குத் தடை இல்லை. ராத்திரி சீரியல்கள் எல்லாம் மாமியாருக்கு அத்துபடி, அதில் கை வைக்க முடியாது. மத்தியான நேரம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்திலேயே தூங்குவார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நான் பார்க்கலாம். அந்தக் கதை எனக்கு மட்டும்தான் தெரியும்.

பங்குனிக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அம்மா பேரில் இருக்கும் வீட்டை விற்றுக் கொண்டுவா, கடை போடணும். அம்மா எங்கே போவாள் என்று கேட்டதற்குப் புருஷன் கையால் முதல் அடி விழுந்தது. அவனை நான் 'அவர்' என்று எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும். வைகாசியில் என்னைப் பின்கட்டில் இருந்த ஸ்டோர் ரூமில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் வந்தது. சமையலுக்குத் திறப்பார்கள், சனிக்கிழமை போனுக்குத் திறப்பார்கள், மத்தியானம் டிவி முன்னால் உட்கார வைப்பார்கள். கதை சொல்லாவிட்டால் கடலூரில் சந்தேகம் வருமே. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் மண்டையில் ஏறாது. சனிக்கிழமை வாய்க்கு வந்த கதையைச் சொல்வேன். அக்காவும் அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆடி பிறந்தது. கல்யாணம் ஆன முதல் ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் பக்கத்து முறை. அம்மா போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்க வழக்கத்துல அனுப்பறது இல்ல" என்று மாமியார் ஸ்பீக்கரைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஸ்டோர் ரூமுக்கு வந்தான். ரேஷனில் வாங்கி வைத்திருந்த மண்ணெண்ணெய் கேனைத் திறந்து என் தலையில் ஊற்றினான். தீக்குச்சியைக் கிழித்துக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஊதி அணைத்துவிட்டான். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்தார். "மெட்ராஸ்ல சரக்கு பாத்துட்டு ஞாயித்துக்கெழம வர்றேன். அதுக்குள்ள ஒங்கம்மாகிட்ட முடிவு கேட்டு வை. இல்லன்னா வந்து குச்சிய கீழ போட்டுட்டுப் போறேன்" என்றான். ஸ்டவ் வெடித்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள் என்று அம்மாவும் மகனும் என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன். நாற்றம் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்தேன். மாமியார் என் எதிரில் முறத்தில் உளுந்து புடைத்தபடி உட்கார்ந்தார். போன் அடித்தது. அம்மா பேசினாள், அனுசரிச்சுப் போ என்றாள். அக்கா வாங்கினாள்.

"சொல்லுடி. கதை எங்க நிக்குது?"

"அவ சமைக்கிறா அக்கா. கருவாட்டுக் கொழம்பு."

"ம்."

"கொழம்பு கொதிக்குது. வாசன தெருவரைக்கும் தூக்குது அக்கா."

சொல்லிவிட்டேன். இப்போது அவள் பழைய அக்காவாக, டிவில வாசன வருமாடி என்று ஒரு கத்துக் கத்தினால் என் கதை அங்கேயே முடிந்துவிடும். கடலூர்த் தெருவில் போகிற டவுன் பஸ்ஸின் ஹாரன் மட்டும் போனில் கேட்டது.

"ம். தெருவரைக்குமா" என்றாள் அக்கா. குரல் ஒரு இழைகூட மாறவில்லை. "அப்புறம்? அவ இப்ப எங்க இருக்கா, மொதல்லேர்ந்து ஒழுங்கா சொல்லு."

"பின்கட்டு ரூம்ல அக்கா. வெளிய தாப்பா. வேல இருந்தாதான் தொறக்கறாங்க."

முறத்தில் இருந்த கை நின்றது. மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அட, இது போன வாரமே காட்டுனதுதானே!" என்று ஸ்பீக்கர் சலித்துக்கொண்டது. "பால்காரம்மா சொல்லிட்டாங்க. அந்த மாடி வீட்டுப் பணக்காரி மருமகதானே? பழசயே ஓட்டாத. புதுசா என்னா காட்டுனாங்க?"

மாமியாரின் கை மறுபடி அசைந்தது. "எல்லாப் பொட்டிலயும் இதே எழவுதான்" என்று முனகினார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க இப்ப?"

"மாமியார் மட்டுந்தான். புருஷன் வெளியூர். நாளைக்கு வர்றான்."

"வந்தா?"

"வந்தா... அடுத்த எபிசோட்ல அவ இருக்க மாட்டான்னு தோணுது அக்கா."

"நீ நெனச்சத சொல்லாதன்னு எத்தினி தடவ சொல்றது? பாத்தத சொல்லு. அவ அம்மா வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் கடைசி சீன்."

"போதும், அடுப்புல வேல கெடக்கு" என்றார் மாமியார்.

"சரிங்க சம்பந்தியம்மா. வெச்சுடறேன்" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். தைரியமா இரு என்று ஒரு சொல் இல்லை, குரலில் ஒரு சாடை இல்லை. அடுப்பு வேலை முடிந்ததும் மாமியார் என்னை ஸ்டோர் ரூமுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். அங்கே உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அந்தப் பேச்சையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்ததா? இல்லை, இத்தனை வருஷத்தில் அந்தக் கருவாட்டுக் குழம்பை மறந்துவிட்டாளா? பழசயே ஓட்டாத என்று திட்டியது நடிப்பா, நிஜமா? ஒரு சமயம் நம்பிக்கை வரும். அடுத்த நிமிஷம், கதைப் பைத்தியம் பிடித்த ஒருத்தியை நம்பி உட்கார்ந்திருக்கிறோமே என்று என் மேலேயே ஆத்திரம் வரும். மூலையில் அந்தக் கேன் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

அம்மா பின்னால் சொன்னாள். போனை வைத்ததும் அக்கா கூண்டுக் கதவைச் சாத்தினாளாம். வரிசையில் நின்றவர்களைப் போகச் சொன்னாளாம். ஷட்டரை இழுத்துப் பூட்டினாளாம். பட்டப்பகலில் அந்த ஷட்டர் இறங்கியதைத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. "என்னா ஆச்சு" என்று அம்மா கேட்டதற்கு, "பொண்ண ஆடிக்கு அழைக்கப் போறோம். ஷெட்டுலேர்ந்து ரெண்டு பேர கூட்டு" என்று மட்டும் சொன்னாளாம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"சம்பந்தியம்மா! ஆடிச் சீர் கொண்டாந்திருக்கோம்!"

சந்து முழுக்கக் கேட்கும் குரல். மாமியார் தாழ்ப்பாளைத் திறந்தார். "மூஞ்சியத் தொடச்சிட்டு வா. ஒரு வார்த்த வெளிய வந்துச்சு, அப்புறம் பாரு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கேட்டுக்கு வெளியே நான்கு பெண்கள். அம்மா, ஷெட்டில் அவளோடு வேலை செய்யும் இருவர், முன்னால் அக்கா. ஆளுக்கொரு தட்டு. பழம், பூ, வெற்றிலை பாக்கு, வெல்லம். எல்லாம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. அக்கா கையில் இருந்தது அவள் பூத்தில் மத்தியானச் சோறு சாப்பிடும் எவர்சில்வர் தட்டு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், எனக்குத் தெரியும். தட்டைப் பிடித்திருந்த விரல்களில் அவளுடையவை தவிர மற்றவை எல்லாம் கறுப்பு. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். இட்லிமாவு விற்கும் வீட்டில் நின்றிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆடிக்கு அனுப்பற வழக்கம் இல்லன்னு சொன்னேனே. மகனும் ஊர்ல இல்ல. உள்ள வாங்க, காபி சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார் மாமியார். பெரிய சிரிப்பு.

"பொண்ணழைக்க வந்தவங்க பொண்ணு கெளம்பற வரைக்கும் படியேறக் கூடாது. அது எங்க வழக்கம்" என்றாள் அக்கா.

அப்படி ஒரு வழக்கம் கடலூரில் யாருக்கும் கிடையாது. அங்கேயே நின்று உண்டாக்கினாள்.

"பூவாவது வெக்கிறேன், வா" என்று என்னைக் கேட்டருகே இழுத்தாள். பூவை என் தலையில் வைக்கக் குனிந்தாள். கிராம்பு வாசனை வந்தது. அவள் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. மூச்சை ஒருமுறை இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அந்த நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பூவைச் சொருகிவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

"அனுப்ப முடியாதுன்னா பரவால்ல. இவ்ளோ தூரம் வந்துட்டோம், ஒரு கதை சொல்லிட்டுப் போறோம். மத்தியான சீரியல். சம்பந்தியம்மா அந்நேரம் தூங்கிடறாங்க, பாவம், பாக்க முடியல." எதிர்வீட்டம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு வீடு. பச்ச கேட்டு. உள்ள போனா கூடம், கூடத்துல போனு, போனு பக்கத்துல மாமியார்."

"எங்க சந்து மாதிரியே இருக்கே!" என்றாள் எதிர்வீட்டம்மா.

"பின்கட்டுல ஒரு ரூம். தாப்பா உள்பக்கம் இல்ல, வெளிப்பக்கம்."

சிரிப்பு நின்றது. "என்ன இது, வாசல்ல நின்னுக்கிட்டு..." என்று மாமியார் கேட்டைப் பிடித்தார். அக்கா அவர் பக்கம் குனிந்து, பூத்தில் பில் தொகை சொல்லும் அதே குரலில் கேட்டாள்.

"சுருக்கமா சொல்லட்டுமா, வெவரமா சொல்லட்டுமா சம்பந்தியம்மா? நீங்களே சொல்லுங்க. சுருக்கம்னா ஒரே வரி. மொத ஆடிக்குப் பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. முடிஞ்சுது. வெவரம்னா இந்தப் புள்ள தலயில அடிக்கிற கிருஷ்ணாயில் வாசனையிலேர்ந்து ஆரம்பிக்கணும். டிவில வாசன வராது. இங்க வருது."

மாமியாரின் கை கேட்டிலிருந்து நழுவியது. எதிர்வீட்டம்மாவைப் பார்த்தார், மாவுக்கடை வாசலைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார். அம்மா அதுவரை எதுவும் புரியாமல் தட்டை ஏந்தி நின்றவள், கிருஷ்ணாயில் என்ற சொல்லைக் கேட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழம் உருண்டது.

"அழச்சிட்டுப் போங்க" என்றார் மாமியார்.

"எப்ப திரும்ப அனுப்பறதுன்னு கேக்க மாட்டீங்களா?"

மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் செருப்புப் போடாமல், கட்டியிருந்த புடவையோடு கேட்டைத் தாண்டினேன்.

பிறகு நடந்ததெல்லாம் நீளக் கதை. வக்கீல் அறையில் உட்கார்ந்து, "அடிச்சாங்க, கொடுமை பண்ணாங்க" என்று ரெண்டு வரியில் நான் முடிக்கப் பார்த்தபோது, பின்னால் பெஞ்சிலிருந்து, "நடுவுல ஒரு படிய முழுங்குற" என்று அவள் குரல் வந்தது. எந்தப் படியையும் முழுங்காமல் சொன்னேன். நாலைந்து வருஷம் இழுத்தது. அவன் என்ன ஆனான் என்பதற்குத் தீர்ப்பு மட்டும் சொன்னால் போதும்: அவன் என் வாழ்க்கையில் இல்லை. எல்லோர் கையிலும் செல்போன் வந்து பூத் வியாபாரம் படுத்தது. கூண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் வைத்தாள். நான் வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பும் வரைக்கும் அந்த ஸ்டூல் அங்கேயே இருந்தது.

எல்லாவற்றையும் விட என் மனசில் நிற்பது அந்தச் சனிக்கிழமை பஸ். கடைசி சீட்டில் அம்மா எனக்கு ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டு மாசமா நீ சொல்ற கதையும் பால்காரம்மா சொல்ற கதையும் ஒத்துப் போகல. தெரியும் எனக்கு. புதுசா கல்யாணம் ஆனவ, பராக்குப் பாத்துட்டு இட்டுக்கட்டறான்னு விட்டுட்டேன். தோண்டித் தோண்டிக் கேக்கறவ, கேக்க வேண்டிய நேரத்துல கேக்கல."

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் சொல்ல ஆரம்பித்தேன். பங்குனியில் தொடங்கி, முதல் அடியிலிருந்து, அவளுக்குப் பிடிக்கிற மாதிரி வரிசையாக. இரண்டு வாக்கியம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். என் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லு. இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

"அது போதும்" என்றாள். "மீதியெல்லாம் அப்புறம்."